நாற்பத்தொன்றாம் கல் அருகே

பதினெட்டு வருஷத்தில் இருபத்து மூன்று பேர் ஒரே இடத்தில் செத்திருக்கிறார்கள். எந்த இடம் என்றால், எல்லைக்குப் போகிற பெரிய சாலையில் நாற்பத்தொன்றாம் கிலோமீட்டர் கல். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. காகிதத்தை நம்பாமல் அதிகாரிகள் வேறு எதை நம்புவார்கள்? இரண்டு நாட்டிலிருந்தும் ஆட்கள் அந்தக் கல்லைப் பார்க்கக் கிளம்பி வந்தார்கள்.

வந்து பார்த்தால் அங்கே கல்லைத் தவிர ஒன்றுமில்லை. சாலை கயிறு பிடித்த மாதிரி நேராகப் போனது. வளைவு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, குறுக்கே வந்து சேரும் கிளைச் சாலையும் கிடையாது. இரு பக்கமும் முள்ளும் உவர்மண்ணும்தான். சாவதற்குக்கூட ஒருத்தன் அங்கே மெனக்கெட்டுத்தான் போக வேண்டும். முக்காலிக் கருவியை நட்டு மூன்று நாள் அளந்தார்கள். தாரைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். காலை வெயில் ஓட்டுநர் கண்ணில் எந்தச் சாய்வில் விழுகிறது என்று ஒருவர் படம் போட்டுப் பார்த்தார். யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மண்ணுக்கடியில் இரும்பு இருக்கிறது, அது வண்டியை இழுக்கிறது என்றார் பெட்ரோல் பங்க்காரர். அதைக் கேட்ட லாரிக்காரர்கள் பயந்துபோய், அந்த இடம் வந்தால் மட்டும் இன்னும் வேகமாக ஓட்டினார்கள். பயம் மனுஷனை எந்தப் பக்கம் தள்ளும் என்று யாருக்குத் தெரியும்.

எப்படியோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். எல்லைப் பாலம் வரை இது ஆறு வழிச் சாலையாகிறது. ஏழு மணி நேரப் பயணம் நாலு மணியில் முடியும். சாலை நடுவே சுவர், ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு வேலி. மனுஷனோ மாடோ குறுக்கே வரவே முடியாது. தாண்ட வேண்டியவர்கள் ஏறித் தாண்டுவதற்கு ஒரு நடைபாலம், மின்தூக்கியும் விளக்கும் வைத்து. இந்தப் பத்து கிலோமீட்டருக்கு ஒரே ஒரு பாலம்தான் உண்டு. அதை எங்கே கட்டுவது என்பதற்கும் சட்டம் இருந்தது: இருநூறு மீட்டருக்குள் ஆறு பேராவது செத்திருக்க வேண்டும். நாற்பத்தொன்றில் ஆறு என்ன, இருபத்து மூன்று. பாலம் அங்கேதான் என்று வரைபடத்தில் வட்டம் போட்டார்கள்.

அந்த இருபத்து மூன்று பேரையும் எழுதியது ஒரே கை. காவல் நிலையத்து ரைட்டருடைய கை.

விபத்து நடந்தால் ஜீப்பில் போவார், பார்ப்பார், அச்சடித்த படிவத்தை நிரப்புவார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நீதிமன்றத்தில் ஒரு வக்கீலும் அவர் எழுதியதில் ஒரு சொல்லை ஆட்டியதில்லை. ஓய்வுக்கு இன்னும் ஒன்பது மாதம். அதுவரை யார் வாயிலும் விழாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தவர்.

அப்படி இருந்த மனுஷனைத் தேடித்தான் அந்தப் பொறியாளர் அம்மா வந்தார். இரண்டு நாட்டுக்கும் பொதுவாகச் சாலைப் பாதுகாப்புக்கென்று போட்டிருந்தவர். எதற்கெடுத்தாலும் “ஏன்?” என்று கேட்பார். அதனால் நிலையத்தில் அவருக்கு ‘ஏன் மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலைக்கவசத்தை மேசைமேல் வைத்து, இருபத்து மூன்று நகலையும் சீட்டுக்கட்டு போல விரித்து, எல்லாம் இவர் எழுத்துத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றார் ரைட்டர். அங்கே மட்டும் ஏன் சாகிறார்கள் என்று கேட்டார். ரைட்டர் யோசித்துப் பார்த்து, விதி என்றார்.

அவர் மழுப்பவில்லை. அவருக்கும் நிஜமாகவே தெரியவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒவ்வொன்றாக எழுதினாரே தவிர, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. சேர்த்துப் பார்த்தபோதுதான் அவருக்கே பயமாக இருந்தது. பெட்ரோல் பங்க்காரர் சொல்வதில் ஏதாவது இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார்.

அந்த அம்மா விடவில்லை. ஜீப்பில் ஏற்றிக் கல்லுக்கே கூட்டிப் போனார். யார் யார் எங்கே விழுந்து கிடந்தார்கள் என்று நின்று காட்டச் சொன்னார்.

ரைட்டர் நின்றார். முதல் ஆள், பால் வண்டிக்காரர். பெரிய மரத்தடியில் தலை வைத்துப் படுத்த மாதிரி கிடந்தார். ரைட்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். மரத்தைக் காணோம். சாலையை அகலமாக்கும்போது வெட்டிவிட்டார்கள் போல என்று தேற்றிக்கொண்டார். அடுத்த ஆள், சைக்கிளில் வந்த பெண். பழப்பெட்டிகள் சிதறி, பழம் கட்டும் கொட்டகை வாசலில் இரும்புக் கதவோரம் கிடந்தாள். கதவு எங்கே? கொட்டகை எங்கே? மரத்தை வெட்டலாம், முந்நூறு பெண்கள் வேலை செய்கிற கொட்டகையை யார் தூக்கிக்கொண்டு போனது? உச்சி வெயிலில் தன் மூளைதான் கலங்கிவிட்டதோ என்று ரைட்டர் கல்லைத் தொட்டுப் பார்த்தார். கல் இருந்தது. நாற்பத்தொன்று என்றும் எழுதியிருந்தது.

கல்லைத் தொட்டபோதுதான் விஷயம் அவருக்கு உறைத்தது.

படிவத்தில் ஆறாவது கட்டம், ‘அருகிலுள்ள கிலோமீட்டர் கல்’. அவர் இந்த நிலையத்துக்கு வந்த காலத்திலேயே முப்பத்தொன்பதாம் கல்லை ஒரு லாரி இடித்துச் சாய்த்துவிட்டது. நாற்பதாம் கல்லை மதகு பழுது பார்த்தவர்கள் சிமெண்டோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள். நாற்பத்திரண்டை யாரோ துணி துவைக்கக் கொண்டுபோய்விட்டார்கள். நாற்பத்து மூன்றும் நாற்பத்து நான்கும், தார்மேல் தார் போட்டதில் மண்ணுக்குள் போய்விட்டன. அதற்கப்புறம் நாற்பத்தைந்துதான். அதுவும் இவர்கள் எல்லைக்குள் வராது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதை. முதல் வழக்கிலேயே அப்போதைய இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கண்ணால் பார்த்த கல்லைத்தான் எழுத வேண்டும், இல்லாத கல்லை எழுதினால் வக்கீல் கூண்டில் வைத்துக் கிழித்துவிடுவான். ரைட்டர் கண்ணால் பார்த்த கல் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதினார். பால் வண்டிக்காரருக்கும் அதுதான் அருகிலுள்ள கல், சைக்கிள் பெண்ணுக்கும் அதுதான். ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

அவ்வளவும் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒன்பது மாதம் கண்முன் வந்து நின்றது. ரொம்ப வருஷமாகிவிட்டது, நினைவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அண்ணி பழம் கட்டும் கொட்டகையில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை செய்கிறவர். வேலை முடிந்து வந்து, வெந்நீர் வாளியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக நின்றே ஒட்டியதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. விரலில் பசை காய்ந்திருந்தது.

கொட்டகையில் இன்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள் என்றார் அண்ணி. வேலி போட்ட பிறகு வாசலுக்கு எதிரே யாரும் சாலையைத் தாண்டக் கூடாதாம். நாற்பத்தொன்றாம் கல்லில் பாலம் வருகிறதாம், அதில்தான் ஏறிப் போக வேண்டுமாம். கொட்டகை இருப்பது நாற்பத்து மூன்றில். அங்கே வேலை செய்கிற பெண்களின் குடியிருப்பு நேர் எதிர்ப்பக்கம். அண்ணி ஏறி இறங்குகிற பேருந்து நிறுத்தமும் அந்தப் பக்கம்தான்.

“இருபது அடி தாண்டறதுக்கு நாலு கிலோமீட்டர் நடக்கணுமாம் தம்பி. எந்தப் புத்திசாலி போட்ட திட்டமோ.”

ரைட்டருக்குத் தேநீர் புரையேறியது.

பெண்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்றும் அண்ணி சொன்னார். வேலி வந்த மறுநாளே அதில் ஒரு ஓட்டை போடுவதாக ஏற்பாடு. நடுச் சுவரில் ஏற ஒரு மரப்பெட்டி. சொல்லிவிட்டுச் சிரித்தார். ரைட்டரால் சிரிக்க முடியவில்லை. லாரிகள் இப்போது அறுபதில் வருகின்றன, அப்போது நூறில் வரும். ஓட்டை வழியாகக் குனிந்து வெளியே வருகிறவருக்கு வண்டி தெரியாது, வண்டிக்காரனுக்கு ஆள் தெரியாது. இந்த முழங்காலோடு அண்ணி மரப்பெட்டியில் ஏறுவதை அவர் மனக்கண்ணில் பார்த்தார். அடுத்த படிவத்தையும் பார்த்தார். அதை எழுத அவரால் முடியாது.

ஏற்கெனவே ஒன்று எழுதியிருக்கிறார். பதினோரு வருஷத்துக்கு முன், நாற்பதாம் கிலோமீட்டர் மதகின்மேல், அண்ணன். வண்டி மெக்கானிக்காக இருந்தவர், பழுது பார்க்கக் கொடுத்த யாரோ ஒருவருடைய வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது லாரி தட்டிவிட்டது. வேறு ஆளை எழுதச் சொல்லலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ரைட்டர் கேட்கவில்லை. மற்றவன் எழுதினால் தப்பும் தவறுமாக எழுதுவான் என்று அவரே எழுதினார். ‘நாற்பத்தொன்றாம் கல் அருகே’ என்றுதான் அதையும் எழுதினார். பேருந்து அந்த மதகைத் தாண்டும்போது அண்ணி பேசிக்கொண்டிருக்கிற பேச்சை அப்படியே நிறுத்துவார், தாண்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

மறுநாள் காலையில் முதலில் இன்ஸ்பெக்டரிடம் போனார். முழுவதையும் கேட்ட இன்ஸ்பெக்டர், கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளப்பாதீங்க என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, ஆனா மறைக்கவும் முடியாதே என்றார். பிறகு, நான் இதைக் கேட்டதாவே வெச்சுக்க வேண்டாம் என்றார். மூன்றில் எது உத்தரவு என்று ரைட்டருக்குப் பிடிபடவில்லை. அப்படியே சாலைப் பணி அலுவலகத்துக்கு நடந்தார்.

அலுவலகம் என்றால் கப்பலில் சரக்கு வருகிற ஒரு பழைய இரும்புப் பெட்டி. உள்ளே சுவர் முழுக்க வரைபடம், மேசை முழுக்கத் தூசி. பொறியாளர் அம்மா தனியாக இருந்தார். ரைட்டர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார், சாய்ந்த கல், பூசிய கல், துவைக்கிற கல், புதைந்த கல். அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மூன்று வாரம் வெயிலில் காய்ந்தது அப்படிச் சிரிப்பாக வந்தது.

“ஏன் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கல மேடம். எந்தக் கல்லுன்னுதான் கேட்டாங்க.”

பென்சிலைக் கொடுத்து, நடந்த இடத்தில் புள்ளி வைக்கச் சொன்னார். ரைட்டருக்கு ஒவ்வொன்றும் நினைவிருந்தது, முந்தைய நாள் மறந்துபோனதாகச் சொன்ன அத்தனையும். மரத்தடியில் ஒன்று. வளைவில் நாலு. எடைமேடைப் பக்கம் மூன்று. கொட்டகை வாசலில் ஐந்து. மீதி அங்கொன்றும் இங்கொன்றுமாக. நாற்பத்தொன்றாம் கல் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மனசு லேசாகிவிட்டது. வாசலில் ஐந்து இருப்பதைப் பார்த்ததும், பாலம் அங்கே வந்துவிடும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

அந்த அம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். ஆறு இருக்க வேண்டும், ஐந்துதான் இருக்கிறது என்றார்.

“அப்ப பாலம்?”

“நாற்பத்தொண்ணுல கிடையாது. இங்கயும் கிடையாது. ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கலாம். அவ்வளவுதான் சட்டம்.”

ரைட்டருக்கு மண்டை சுற்றியது. அப்படியானால் வைத்த புள்ளிகளை அழித்துவிடலாமா என்று கேட்டார். அழித்தால் பாலம் பழையபடி முள்ளுக்கு நடுவே வரும் என்றார் அந்த அம்மா. உண்மை என்று எழுதியபோது ஆளில்லாத காட்டில் பாலம் வந்தது. நடந்தது நடந்தபடி சொன்னால் ஆள் இருக்கிற இடத்தில் பலகை வருகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தாலும் கையில் குரங்காவது மிஞ்சும். இங்கே அதுவும் மிஞ்சவில்லை. தான் செய்தது சரியா தப்பா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. யாராவது ஒருத்தர் திட்டினாலாவது நிம்மதியாக இருக்கும் போலிருந்தது.

அந்த அம்மா புள்ளிகளை மறுபடி எண்ணினார். இருபத்திரண்டுதான் இருக்கிறது, ஒன்று குறைகிறது என்றார்.

“அது எங்க அண்ணன் மேடம்.”

பென்சில் முனை நாற்பதாம் கிலோமீட்டர் மதகுக்கு மேலே நின்றது. கீழே இறங்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டார். அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். நாளை மறுநாள் மதியம் இரண்டு நாட்டுக்காரர்களும் வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், அதற்கு மேல் யாராலும் எதையும் மாற்ற முடியாது என்றார். நாற்பத்தொன்றிலிருந்து எடுக்க ரைட்டருடைய வாக்குமூலம் போதும், பாலத்துக்கான கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால் இறந்தவர் வீட்டில் ஒருவர் கையெழுத்தும் வேண்டும் என்றார். தான் எந்த விபத்தையும் நேரில் பார்த்ததில்லை, அவர் எங்கே புள்ளி வைக்கிறாரோ அதுதான் இடம் என்றும் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் ரைட்டர் விடுப்பு எடுத்துக்கொண்டு கொட்டகைக் குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஐந்து வீடு. சிலர் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார்கள். ஒருவர் பாலத்துக்கு மகள் பெயரை வைப்பார்களா என்று கேட்டார். ஒரு தாய் மட்டும் பழைய நகலையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இத்தனை நாளா என் பையன் முள்ளுக்காட்டுல செத்தான்னா எழுதி வெச்சிருந்தீங்க?”

ரைட்டர் தலை குனிந்து நின்றார். அருகிலுள்ள கல் அதுதான் என்று அந்த வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தாய் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வாசலில்தான் தான் பதினெட்டு வருஷம் என்ன செய்தோம் என்பது ரைட்டருக்கு உள்ளுக்குள் குத்தியது.

ஐந்தும் கையில் வந்துவிட்டது. ஆறாவது தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்தார். அண்ணி வேலை முடிந்து வரும்வரை அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணி வந்ததும், வெந்நீர் வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கல், கட்டம், வட்டம், ஐந்து, ஆறு. மதகில் செத்தவரைக் கொட்டகை வாசலில் செத்ததாக எழுதினால்தான் பாலம் வாசலுக்கு வரும் என்று சொல்லித் தாளை வெளியே எடுத்தார். அந்த இடம் அண்ணிக்கு என்னவென்று தனக்குத் தெரியும், வேண்டாம் என்றால் இந்தத் தாளை இப்போதே கிழித்துவிடுகிறேன், வேறு யாரிடமும் பேச மாட்டேன் என்றார்.

அண்ணி தாளை வாங்கிப் படித்தார். ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தார்.

“இது பொய்தானே தம்பி?”

“பொய்தான் அண்ணி. தெரிஞ்சே எழுதறது இதுதான் முதல் தடவை.”

“மாட்டினா?”

“மாட்டினா நான்தான் மாட்டுவேன். நான் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டதா சொல்லிடுங்க.”

அண்ணி எழுந்து உள்ளே போனார். ரைட்டர் முடிந்தது என்று நினைத்தார். கோபமாகத்தான் இருக்கும், இருக்கத்தானே செய்யும், செத்த மனுஷனைக்கூட இழுத்து இடம் மாற்றுகிறோமே என்று தன்னையே நொந்துகொண்டார். அண்ணனை நினைத்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோரு வருஷமாக அழாத அழுகை. எழுதுகிற அவசரத்தில் அன்றைக்கு அதை அவர் மறந்தே போயிருந்தார்.

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். விரலில் இருந்த பசை போக நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். தாள் அழுக்காகக் கூடாதென்று முந்தானையில் ஈரத்தைத் துடைத்தார். பேனாவை வாங்கி, படிமேல் தாளை வைத்து, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார்.

“அவர் உயிரோட இருந்த ஒன்பது வருஷமும் நான் அங்க வேலைக்குப் போனேன். வேலை முடிஞ்சு வெளிய வந்தா, எல்லா வீட்டுக்காரரும் கூட்டிட்டுப் போறதுக்கு வந்து நிப்பாங்க. உங்க அண்ணன் ஒரு நாள்கூட அந்த வாசலுக்கு வந்ததில்ல தம்பி. இப்பவாவது வந்து நிக்கட்டும்.”